ஊட்டிக்கு எட்டு பைக்

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர், எல்லாம் ஸ்போர்ட்ஸ் பைக். பெங்களூரிலிருந்து பந்திப்பூர் வழியாக ஊட்டி போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், அல்சூர்

பதில்: மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்குத் தடை; சர்வீஸ் ரோடுதான். அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள் தம்பி. பந்திப்பூர் காட்டுப்பாதையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். உள்ளே செல்ஃபிக்கு நிற்காதீர்கள். உங்கள் சைலன்சர் சத்தத்தை யானை ரசிக்காது.

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் வேண்டாம், கூடலூர் வழி போங்கள். புதிதாக ஓட்டுகிறவரை எல்லோரும் வால் பக்கம் தள்ளுவார்கள். அவர் எட்டிப்பிடிக்கிறேன் என்று வளைவில் முறுக்குவார். லீடருக்கு அடுத்ததாகவே விடுங்கள். நேர் ரோட்டில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என வரிசையாகப் போகலாம்; வளைவில் ஒற்றை வரிசைதான். சரி, பெட்ரோல்? சின்ன டேங்க் வண்டியைக் கணக்கில் வைத்து, குண்டலுப்பேட்டையில் எல்லோரும் நிரப்பிக்கொள்ளுங்கள்.