கேள்வி பதில்: ஒன்பதாவதுல சறுக்கின பையன் யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) போக முடியுமா?

கேள்வி: பெரியவன் இப்போ லெவன்த் முடிக்கப் போறான். நைன்த்ல படிக்கும்போதுதான் டெக்ஸாஸ்ல இருந்து இங்க ஃப்ரீமாண்ட்டுக்கு மாறி வந்தோம், அதே நேரம் ஊர்ல மாமனாருக்கு உடம்பு முடியாம என் வீட்டுக்காரர் மாசக்கணக்குல இந்தியாவுல இருந்தார். அந்த வருஷம் மூணு சி, ஸ்பானிஷ்ல ஒரு டி. டென்த்ல ஏறி வந்தான், லெவன்த்ல ரெண்டு பி தவிர எல்லாம் ஏ, மூணு ஏபி (ஹைஸ்கூல்லயே எடுக்கற காலேஜ் தரப் பாடம்) எடுத்திருக்கான். எஸ்ஏடி (காலேஜ் அட்மிஷனுக்கான பொதுத் தேர்வு) 1220தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கணும்னு ஆசை, யூசியோட கேம்பஸ்கள்ல பெர்க்லி, யூசிஎல்ஏன்னு சொல்லிட்டிருந்தவன் இப்போ எனக்கு எதுவும் கிடைக்காதுன்னு ரூமை சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான். கம்யூனிட்டி காலேஜ் (ரெண்டு வருஷ உள்ளூர் காலேஜ்)னு பேச்செடுத்தாலே வீட்டுக்காரர் முகம் மாறிடுது. ஒரு கன்சல்டன்ட் 4,000 டாலர் கொடுங்க எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்ங்கறார். கட்டலாமா?

பதில்: சகோதரி, முதல்ல ரூம் கதவைத் தட்டி பையன்கிட்ட இதைச் சொல்லுங்க. யூசி போடற ஜிபிஏ (கிரேடுகளோட சராசரி) கணக்குல நைன்த் மார்க் வராது. நைன்த் முடிஞ்ச சம்மர்ல ஆரம்பிச்சு லெவன்த் முடிஞ்ச சம்மர் வரைக்கும் எடுத்த ஏ-ஜி பாடங்கள் (யூசில சேர முடிச்சே ஆக வேண்டிய ஹைஸ்கூல் பாடங்கள்) மட்டும்தான் கணக்கு, அதனால அந்த மூணு சி அவன் ஜிபிஏவை இழுக்காது. அப்ளிகேஷன்ல நைன்த் பாடங்களையும் கிரேடையும் போட்டே ஆகணும், படிக்கறவங்க கண்ணுல அது படும், மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனா கீழ இருந்து மேல வந்த பையன்னு அதே பக்கத்துல தெரியும் பாருங்க, அது அவனுக்கு நல்லதுதான்.

அந்த டிதான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். ஏ-ஜி பாடத்துல சி-க்குக் கீழ வாங்கினா யூசி அதை முடிச்ச பாடமா எடுத்துக்காது. ஆனா மொழிப் பாடத்துக்கு ஒரு வழி இருக்கு, ஸ்பானிஷ் 1ல டி வாங்கினாலும் அடுத்த வருஷம் ஸ்பானிஷ் 2ல சி இல்ல அதுக்கு மேல வாங்கியிருந்தா முந்தினதும் பாஸ் ஆன மாதிரி கணக்கு வெச்சுக்குவாங்க. இதே டி இங்கிலீஷ்லயோ ஹிஸ்டரிலயோ வந்திருந்தா திரும்ப எடுத்துதான் ஆகணும். லீவு விடறதுக்குள்ள ஸ்கூல் கவுன்சிலரைப் பார்த்து இதை மட்டும் உறுதி பண்ணிக்குங்க.

எஸ்ஏடியைப் பத்தி ராத்திரி தூக்கம் கெட வேண்டாம். யூசி அட்மிஷனுக்கு அதைப் பார்க்கறதே இல்ல, அனுப்பினாலும் பார்க்க மாட்டாங்க. கால் ஸ்டேட் (கலிஃபோர்னியாவோட இன்னொரு அரசு பல்கலைக்கழகம்) காலேஜ்களும் அப்படித்தான். இந்த ரெண்டுக்கு மட்டும்தான் போடறதா இருந்தா கோச்சிங் காசை மிச்சம் பண்ணிட்டு அந்த நேரத்தை அவன் நிஜமா விரும்பற ஒரு ப்ராஜெக்ட்டுக்குக் கொடுங்க.

இனி கஷ்டமான விஷயம். பெர்க்லி, யூசிஎல்ஏ ரெண்டுலயும் நேரடியா ஃப்ரெஷ்மனா (முதல் வருஷத்துல) சேர்றவங்க விண்ணப்பிச்சதுல சுமார் பத்துல ஒருத்தர்தான், சிஎஸ்ல அதைவிடக் கம்மி. ஏ தவிர வேற எதையும் பார்க்காத பசங்களே வருஷா வருஷம் அங்க சீட் கிடைக்காம திரும்பி வர்றாங்க. ஆசைக்கு ரெண்டுல ஒண்ணு போடட்டும், தடுக்காதீங்க, ஆனா லிஸ்ட் டேவிஸ், சாண்டா க்ரூஸ், ரிவர்சைட், மெர்செட், பக்கத்துல சான் ஹோஸே ஸ்டேட்னு விரிஞ்சு இருக்கணும். சான் ஹோஸேயை சாதாரணமா நினைக்காதீங்க, வேலை கொடுக்கற கம்பெனிங்க சுத்தி இருக்கற ஊர் அது.

நைன்த் கதையை எங்க எழுதறதுன்னு நிறைய பேர் குழம்பறாங்க. யூசில எட்டு கேள்வி கொடுத்து நாலுக்கு எழுதச் சொல்வாங்க, ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள. அதுல ஒண்ணைக்கூட மார்க் குறைஞ்ச காரணத்துக்கு செலவு பண்ண வேண்டாம், அந்த இடமெல்லாம் அவன் யாருன்னு காட்டறதுக்கு. அடிஷனல் கமெண்ட்ஸ்னு தனியா ஒரு பெட்டி இருக்கு, அங்க நாலஞ்சு வரி போதும்: வருஷ நடுவுல ஊர் மாறினோம், தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாம அப்பா இந்தியாவுல இருந்தார், வீட்டுல நான் இன்னின்ன வேலை பார்த்தேன், படிப்பு பின்தங்கிச்சு, டென்த்ல இருந்து இப்படி இப்படி சரி பண்ணிக்கிட்டேன். அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி எழுதணும், டீச்சர் மேல பழி போட வேண்டாம், சோகத்தைக் கூட்டவும் வேண்டாம், கடைசி வரி அவன் எழுந்து வந்ததைச் சொல்லணும். ட்வெல்த்ல ஈஸியான பாடமா எடுத்துக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, என்ன பாடம் எடுத்திருக்கான்னும் பார்ப்பாங்க, அட்மிஷன் கிடைச்ச பிறகு மார்க் ரொம்ப விழுந்தா சீட்டையே ரத்து பண்ற அதிகாரமும் அவங்களுக்கு இருக்கு.

கம்யூனிட்டி காலேஜ் விஷயத்தை உங்க வீட்டுக்காரர் படிக்கணும்னே கொஞ்சம் நீட்டி எழுதறேன். சார், உங்க ஊர்லயே ஓலோனி காலேஜ் இருக்கு, கொஞ்ச தூரத்துல குப்பர்டினோல டி ஆன்ஸா இருக்கு. கலிஃபோர்னியாவுல குடியிருக்கறவங்களுக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். ரெண்டு வருஷம் அங்க நல்லா படிச்சு மூணாவது வருஷத்துக்கு யூசிக்கு மாறலாம், அப்படி மாறும்போது ஹைஸ்கூல் கிரேடையும் எஸ்ஏடியையும் வெச்சு எடை போட மாட்டாங்க, காலேஜ்ல வாங்கின மார்க்தான் பேசும். உங்க பையன் மாதிரி லேட்டா விழிச்ச பிள்ளைக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இந்த நாட்டுல எனக்குத் தெரிஞ்சு இல்ல. யூசிஎல்ஏல ஃப்ரெஷ்மனா பத்துல ஒருத்தர்னா டிரான்ஸ்ஃபர்ல சுமார் நாலுல ஒருத்தருக்குக் கிடைக்குது, அப்படி வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பசங்கதான். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆறு கேம்பஸ்லயும் டேக்னு ஒரு ஏற்பாடு இருக்கு, சொன்ன பாடம் சொன்ன ஜிபிஏ முடிச்சா சீட் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதுல சேராது, மத்த கேம்பஸ்லயும் சில இடத்துல சிஎஸ்க்கு இது கிடையாது, அதனால முதல் செமஸ்டர்லயே அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) வெப்சைட்ல போய் எந்த பாடம் எங்க செல்லும்னு பார்த்துத்தான் பாடமே எடுக்கணும். இதைப் பார்க்காம ஒரு வருஷத்தை வீணாக்கற பசங்க இருக்காங்க, அதுதான் எனக்கு வருத்தம். கடைசில கையில வர்ற டிகிரி யூசி டிகிரி, நாலு வருஷம் அங்கயே படிச்சவனுக்குக் கொடுக்கற அதே டிகிரி. சொந்தக்காரங்க கேட்டா டி ஆன்ஸால படிக்கறான்னு நேரா சொல்லுங்க, நீங்க தயங்கினா அந்தத் தயக்கம் பையன் மனசுலதான் போய் உக்காரும்.

கன்சல்டன்ட்டுக்கு 4,000 டாலர் கட்ட வேண்டாம். ட்ரான்ஸ்க்ரிப்ட்ல (ஸ்கூல் மார்க் பதிவுல) இருக்கற கிரேடை எவராலயும் மாத்த முடியாது. நான் இங்க எழுதின அத்தனையும் யூசி வெப்சைட்லயும் ஸ்கூல் கவுன்சிலர்கிட்டயும் காசில்லாம கிடைக்கும். கட்டுரையை அவரே எழுதித் தர்றேன்னா உடனே விலகிடுங்க, சொன்னதுக்கு ஆதாரம் கொடுன்னு யூசி சில பேரைக் கேக்கறது உண்டு.

கேள்வி: நான் நியூஜெர்சில லெவன்த். ஜிபிஏ 3.4, நைன்த்தான் மோசம். எஸ்ஏடி 1210. டெஸ்ட் ஆப்ஷனல் (ஸ்கோர் கட்டாயமில்ல)னு போட்டிருக்கற காலேஜ்ல ஸ்கோர் அனுப்பலைன்னா நிஜமாவே தப்பா நினைக்க மாட்டாங்களா?

பதில்: தம்பி, சில காலேஜ்ல இது பழைய வழக்கம், மெய்ன்ல இருக்கற போடன் 1969லயே எஸ்ஏடி கட்டாயமில்லன்னு சொல்லிடுச்சு. கோவிட்ல மத்தவங்களும் வந்தாங்க, அப்புறம் எம்ஐடி 2022லயே திரும்பக் கேக்க ஆரம்பிச்சது, டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக்னு பின்னாடியே வரிசையா போனாங்க. அதனால போன வருஷம் சீனியர் சொன்னதை நம்பாம இந்த வருஷ அட்மிஷன் பக்கத்தை நீயே படி.

அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ண காலேஜ் பேரோட காமன் டேட்டா செட் (காலேஜே வெளியிடற அட்மிஷன் புள்ளிவிவரம்)னு தேடு. அதுல சி9ங்கற பகுதில, சேர்ந்த பசங்கள்ல நடு பாதிப் பேரோட ஸ்கோர் கீழ் நம்பர், மேல் நம்பர்னு இருக்கும், உன் ஸ்கோர் அந்த கீழ் நம்பரை விட குறைவுன்னா அனுப்பாதே. சி7ங்கற பகுதில எதுக்கு எவ்வளவு முக்கியத்துவம்னு அவங்களே டிக் போட்டிருப்பாங்க, அதைப் பார்த்து காலேஜைத் தேர்ந்தெடுத்தா பாதி பயம் போயிடும். ஆனா ஸ்கோர் இல்லைன்னா ட்ரான்ஸ்க்ரிப்ட் மேலதான் மொத்த பாரமும் விழும். நவம்பர் 1க்கு எர்லி (முன்கூட்டியே விண்ணப்பிக்கறது) போட்டா பெரும்பாலும் லெவன்த் வரைக்கும்தான் தெரியும், ரெகுலர்ல போட்டா ட்வெல்த் அரை வருஷ மார்க்கும் போய்ச் சேரும். உன் மாதிரி ஏறிட்டு வர்ற பையனுக்கு அந்த அரை வருஷம் பெருசு, எர்லி டிசிஷன்ல கையெழுத்து போட்டுட்டா கிடைச்சா சேர்ந்தே ஆகணும்ங்கறதையும் அப்பா அம்மாகிட்ட பேசிட்டு முடிவு பண்ணு.

கேள்வி: மதுரைல ப்ளஸ் டூ படிக்கறேன். அமெரிக்க காலேஜ்ல ஒன்பதாவது மார்க்கையும் கேப்பாங்களா? எனக்கு அப்போ ரொம்ப கம்மி.

பதில்: பெரும்பாலும் கேப்பாங்கம்மா, ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் நாலு வருஷமும். ஆனா நம்ம போர்டு மார்க்கை நம்ம நாட்டு அளவுகோல்ல வெச்சுப் பார்க்கறவங்கதான் படிப்பாங்க, எழுபதுன்னா அங்கத்து சி கிரேடுன்னு நீயே நினைச்சு பயப்படாதே. ஒன்பதாவதுக்கு பப்ளிக் எக்ஸாம் இல்லாததால ஸ்கூல் ரெக்கார்டுல இருந்து எடுத்து ஹெச்எம் கையெழுத்து சீல் போட்டுத் தரணும், பத்தாவதுக்கு அப்புறம் எப்படி முன்னேறினேன்னு அவங்களோ கிளாஸ் டீச்சரோ ஒரு லெட்டர் எழுதித் தந்தா ரொம்ப நல்லது. ஸ்கூல் திறந்த ஜூன்லயே போய்க் கேட்டுடு, காலாண்டு லீவு வரைக்கும் விட்டா நவம்பர் கெடுவுக்கு முன்னாடி உனக்கு ஓடறதுக்கே நேரம் சரியா இருக்கும்.