விருச்சிக ராசிப் பெண்ணை மருமகளாக்கலாமா?

கேள்வி: சின்ன மகனுக்கு நெல்லிக்குப்பத்தில் பெண் பார்த்திருக்கிறோம். பி.எட். முடித்தவள். விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம். பத்துக்கு ஏழு பொருத்தம் இருக்கிறது. ஆனால், "தேள் ராசி, மனசில் வைத்திருந்து கொட்டும். கேட்டை மூத்த மைத்துனனுக்கு ஆகாது" என்று என் நாத்தனார் தடுக்கிறார். பெரியவனை நினைத்தால் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், மஞ்சக்குப்பம்

பதில்: அம்மா, இந்த ஒரு காரணத்துக்காக அந்தப் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

முதலில் பெரியவன் விஷயம். என் தம்பி மனைவி கேட்டை நட்சத்திரம்தான். எங்கள் வீட்டில் மூத்தவன் நான், நன்றாகத்தான் இருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்துவிட்டன. வண்டிப்பாளையத்திலிருந்து, சாலையில் சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டி, சாப்பாட்டுத் தூக்கோடு நடந்தே வந்தவள் அவள்தான். கரண்ட் வரும்வரை என் அம்மாவைத் தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதை இன்றுவரை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. விருச்சிகத்தின் குணம் அதுதான்.

ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது என்பதும் இதே வகைப் பேச்சு. தினம், கணம் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை நாம் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் இதற்கு இடமே இல்லை. இந்தப் பேச்சால் எத்தனை நல்ல பெண்களுக்கு வரன் தட்டிப்போகிறது! என்னிடம் ஜாதகத்தோடு வந்து கண்கலங்கும் பெற்றோரைப் பார்க்கும்போது நெஞ்சு கனத்துப் போகிறது. அந்த ஏழு பொருத்தத்தில், மாங்கல்ய பலத்துக்காகப் பார்க்கும் ரஜ்ஜு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குணத்துக்கு வருவோம். விசாகம் நாலாம் பாதம், அனுஷம், கேட்டை மூன்றும் சேர்ந்தது விருச்சிகம். செவ்வாயின் வீடு, அதனால் துணிச்சல் உண்டு. நீர் ராசி, அதோடு ஸ்திர ராசி, அதாவது நிலையான ராசி. கிணற்றுத் தண்ணீர் மாதிரி, மேலே சலனம் தெரியாது, ஆழம் அதிகம். எடுத்த காரியத்தை விடமாட்டார்கள், சொன்ன ரகசியம் வெளியே போகாது. மனசைக் குறிக்கும் சந்திரன் இங்கே நீசம், அதாவது பலம் குறைந்தவர் என்பதால் சின்னச் சொல்லும் சுருக்கென்று தைக்கும், சீக்கிரம் மறக்காது. பிடிவாதமும் உண்டு. கொட்டும் என்று பயப்படுவதைவிட, சீண்டாமல் இருப்பது நம் பொறுப்பு. அவள் பிறந்த வீட்டைப் பற்றி நாலு பேர் முன்னால் குறை பேசாதீர்கள். மனத்தாங்கல் வந்தால் தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள். அப்புறம் பாருங்கள், உங்களுக்கு ஒன்று என்றால் முதலில் வந்து நிற்பவள் அவளாகத்தான் இருப்பாள்.

கேள்வி: நவம்பர் 5 பிறந்த நான் விருச்சிகம் என்கிறது செல்போன். ஜாதகத்தில் கும்பம். எது சரி?
- கல்லூரி மாணவி, புதுச்சேரி

பதில்: செல்போன் சொல்வது மேல்நாட்டு முறை, சூரியனை வைத்தது. நம் ஜாதகத்தில் ராசி என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். சூரியன் ஒரு ராசியில் ஒரு மாதம் இருப்பார், சந்திரன் சுமார் இரண்டேகால் நாள்தான். நம் பஞ்சாங்கப்படி நவம்பர் 5 என்பது ஐப்பசி, சூரியனே துலாத்தில்தான் இருப்பார். கார்த்திகை பிறந்தால்தான் விருச்சிகத்துக்கு வருவார். நீங்கள் கும்பத்துக்கே பலன் பாருங்கள்.