பாஸ்கா எட்டு நாளும் என் மகன் எதைச் சாப்பிடுவான்?

கேள்வி: டாக்டர், என் சொந்த ஊர் மதுரை. கணவர் யூதர். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு நான்கு வயது, மகளுக்குப் பத்து மாதம். மகன் சாப்பாட்டு நேரத்தில் படுத்தாத பாடு இல்லை. வெண்ணெய் போட்ட நூடுல்ஸ், தயிர் சாதம், சிக்கன் நக்கெட்ஸ், வாழைப்பழம், அவித்த முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், பாம்பா என்ற வேர்க்கடலை நொறுக்குத் தீனி, பிஸ்கட், பால். விரும்பிச் சாப்பிடுவது இவ்வளவுதான். குழம்பு ஒரு சொட்டு சோற்றில் பட்டால் தட்டையே தள்ளிவிடுவான். அடுத்த மாதம் யூதர்களின் பாஸ்கா பண்டிகை. மாமியார் வீட்டில் இரண்டு இரவு செடர் என்ற சடங்கு விருந்து, இருபது பேர் வருவார்கள். அந்த எட்டு நாளும் நூடுல்ஸ் கூடாது, பிஸ்கட் கூடாது, அவர்கள் வழக்கப்படி சோறும் கூடாது. போன வருடம் மாமியார் “ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டப் போக, மேசையிலேயே வாந்தி எடுத்துவிட்டான். அம்மாவைக் கேட்டால் “போனைக் காட்டி ஊட்டிவிடு” என்கிறார். அவன் எடை 15.2 கிலோ, உயரம் 101 செ.மீ. மூன்றாவது பிறந்தநாளில் 13.4 கிலோ. தினமும் முக்கால் லிட்டர் பால் குடிக்கிறான். சத்துக் குறைந்துவிடுமா? பசிக்கு டானிக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். உங்கள் பயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. நான்கு வயது ஆண் குழந்தையின் சராசரி எடை 16 கிலோவுக்குச் சற்று மேல், உயரம் ஏறத்தாழ 103 செ.மீ. உங்கள் மகன் சராசரிக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் இயல்பான எல்லைக்குள் வசதியாகவே இருக்கிறான். அதைவிட முக்கியம், ஒரு வருடத்தில் 1.8 கிலோ ஏறியிருக்கிறான். இந்த வயதில் ஆண்டுக்கு இரண்டு கிலோதான் ஏறும். பிறந்த எடை முதல் வருடத்தில் மூன்று மடங்காகிறது. அந்த வேகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூன்று, நான்கு வயதில் குழந்தை ஒன்றுமே சாப்பிடாதது போலத் தெரியும். வளரும் வேகம் குறைந்திருக்கிறது, அதனால் பசியும் குறைந்திருக்கிறது. டானிக் வேண்டாம். பசியைத் தூண்டும் என்று விற்கிற மருந்துகளில் பல, தூக்கம் வரவழைக்கிற ஒவ்வாமை மருந்து வகையைச் சேர்ந்தவை. நிறுத்தியதும் பசி பழையபடி ஆகிவிடும்.

புதிய உணவைக் கண்டு பயப்படுவது இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் உச்சத்தில் இருக்கும். அது வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை, எல்லா ஊர்க் குழந்தைகளிடமும் உண்டு. ஒரு புதுப் பண்டத்தைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை அது கண்ணில் பட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கில் பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்கிப் பார்த்துத் துப்புவது எல்லாம் சேரும். நாமோ மூன்றாவது முறையே “இவனுக்குப் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இனி பாஸ்காவுக்கு வருவோம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுபட்டதை நினைவுகூரும் பண்டிகை. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் செய்த புளித்த பண்டம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. புளிப்பில்லாத அப்பமான மாட்சா மட்டும் உண்டு. ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் இத்துடன் அரிசி, பருப்பு, சோளம், வேர்க்கடலை போன்றவற்றையும் வழக்கமாகத் தவிர்ப்பார்கள். ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி வந்தவர்களில் பலர் அரிசி உண்பார்கள். உங்கள் மகனின் பட்டியலை இந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நூடுல்ஸ் போயிற்று, நக்கெட்ஸின் மேல்மாவு போயிற்று, சோறு போயிற்று, வேர்க்கடலையில் செய்த பாம்பாவும் போயிற்று. செடர் இரவில் பரிமாறுவது பெரும்பாலும் இறைச்சி விருந்து. இறைச்சியோடு பால் பொருள் சேரக் கூடாது என்பதால் வெண்ணெய், தயிர், பால் எதுவும் மேசைக்கு வராது. மிஞ்சியது வாழைப்பழமும் முட்டை வெள்ளைக்கருவும். போன வருடம் அவன் முரண்டு பிடித்ததில் என்ன ஆச்சரியம்? அவனுக்குத் தெரிந்த எல்லாமே ஒரே நாளில் காணாமல் போயிருக்கின்றன.

அதனால் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, விதிக்குள் அடங்கும் நாலைந்து பண்டங்களை வீட்டுச் சாப்பாட்டில் பழக்குங்கள். உருளைக்கிழங்கு கைகொடுக்கும். அவித்து, எண்ணெயில் வதக்கி, மசித்து, எப்படி வேண்டுமானாலும். ஹனுக்கா பண்டிகையின்போது உங்கள் வீட்டில் லட்கா என்ற உருளைக்கிழங்கு அடை சுட்டிருப்பீர்கள், அதையே மாவு சேர்க்காமல், தேவையானால் மாட்சாத் தூள் போட்டுச் சுடலாம். நக்கெட்ஸுக்குப் பதில் கோழித் துண்டுகளை முட்டையில் தோய்த்து மாட்சாத் தூளில் புரட்டிப் பொரியுங்கள். அளவும் வடிவமும் பழைய நக்கெட்ஸ் போலவே இருக்கட்டும். இந்த வயதுக் குழந்தைகள் முதலில் கண்ணால்தான் சாப்பிடுவார்கள். உருளைக்கிழங்கு மாவில் செய்த பாஸ்கா நூடுல்ஸ் கடைகளில் கிடைக்கும். அதை முதன்முதலாகப் பண்டிகை அன்று நீட்டாதீர்கள், இப்போதே பழைய நூடுல்ஸோடு கலந்து கொடுத்துப் பாருங்கள். பகலில் இறைச்சி இல்லாத வேளைகளில் பாஸ்காவுக்கு உரிய தயிர், சீஸ், மாட்சாவை நனைத்து முட்டையோடு பொரித்த மாட்சா ப்ரை எல்லாம் கொடுக்கலாம்.

சோறு விஷயத்தில் மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். உங்கள் கணவர் அவர்களுடைய மதகுருவான ரப்பியிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். அரிசி, பருப்புத் தடை என்பது ஐந்து தானியத் தடையைப் போன்றதல்ல, வழக்கத்தால் வந்தது. சிறு குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதில் தளர்வு தருவதுண்டு. அமெரிக்க யூதர்களில் கன்சர்வேட்டிவ் என்ற பிரிவு 2015இல் எல்லோருக்குமே இதை அனுமதித்துவிட்டது. ஆனால் உங்கள் மாமியார் வீடு எந்தப் பிரிவு, எவ்வளவு கண்டிப்பு என்பது அவர்கள் வீட்டு விஷயம். மருத்துவர் சீட்டைக் காட்டி வாதாடுகிற அளவுக்கு உங்கள் மகனுக்கு ஒன்றுமில்லை. எட்டு நாள் சோறு இல்லாமல் அவன் இளைத்துவிட மாட்டான்.

செடர் இரவைப் பற்றி எனக்குச் சொந்த அபிப்பிராயம் ஒன்று உண்டு. ப்ரூக்ளினில் குழந்தை மருத்துவப் பயிற்சியில் இருந்தபோது சில குடும்பங்கள் என்னையும் செடருக்கு அழைத்திருக்கிறார்கள். சாப்பாட்டில் முரண்டு பிடிக்கும் குழந்தைக்காகவே யாரோ யோசித்து வைத்தது போல இருக்கிறது அந்தச் சடங்கு. நடுவில் ஒரு தட்டு, அதில் ஆறேழு பண்டங்கள். எதையும் வயிறு முட்டச் சாப்பிட வேண்டியதில்லை. பச்சைக் காய் ஒன்றை உப்புநீரில் தொட்டு, ஆலிவ் காய் அளவுக்கும் குறைவாக வாயில் போட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நாங்கள் மருத்துவமனையில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: துளி அளவு, கூட்டத்தோடு, வற்புறுத்தல் இல்லாமல். சில வீடுகளில் அந்தப் பச்சைக் காய்க்குப் பதில் அவித்த உருளைக்கிழங்கை வைப்பார்கள். மாமியாரிடம் கேட்டு அதையும் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். சாப்பாடு தொடங்கும்போது பல வீடுகளில் அவித்த முட்டையை உப்புநீரில் தொட்டு உண்பார்கள், அது ஏற்கெனவே அவன் பட்டியலில் இருக்கிறது. உப்புநீர்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்துங்கள். விரலை முக்கி விளையாடட்டும், சொட்டுச் சொட்டாக மேசையில் விடட்டும். உணவைத் தொடுவதும் ஒரு படிதான்.

அவனுடைய பசியை மட்டும் அந்த மேசையை நம்பி விடாதீர்கள். ஏப்ரலில் உங்கள் ஊரில் இருட்டிய பிறகுதான் செடர் தொடங்கும். கதை சொல்லி, கேள்வி கேட்டு, பாடி முடித்து இலைக்கு வரும்போது ஒன்பதரை, பத்து ஆகிவிடும். நான்கு வயதுக் குழந்தை அதற்குள் பசியிலும் தூக்கத்திலும் பொறுமை இழந்துவிடும். மதியம் தூங்க வையுங்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு அவனுக்குத் தெரிந்த சாப்பாட்டை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். (அன்று காலையிலேயே புளித்த பண்டங்களின் நேரம் முடிந்துவிடும், ஆகவே நூடுல்ஸ் வேண்டாம். கோழி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம்.) பிறகு மேசையில் அவன் ஒன்றும் தொடாவிட்டாலும் யாருக்கும் பதற்றம் இருக்காது. வீட்டின் இளைய குழந்தை பாட வேண்டிய நான்கு கேள்விகளில் முதல் வரியைப் பாடட்டும், ஒளித்து வைத்த மாட்சாத் துண்டைத் தேடட்டும், தூக்கம் வந்தால் போய்ப் படுக்கட்டும். ஒளித்ததைக் கண்டுபிடித்ததற்குப் பரிசு கொடுக்கிற வழக்கம் உண்டு. அது பொம்மையாகவோ புத்தகமாகவோ இருக்கட்டும். “சூப் குடித்தால்தான் பரிசு” என்று மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூப் என்றதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2006இல் வெளியானது. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகளுக்கு சூப் கொடுத்து, சில வேளைகளில் “குடித்து முடி” என்று வற்புறுத்தியும் சில வேளைகளில் ஒன்றும் சொல்லாமலும் விட்டுப் பார்த்தார்கள். வற்புறுத்தாதபோதுதான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள், முணுமுணுப்பும் குறைவாக இருந்தது. போன வருடம் உங்கள் மகன் வாந்தி எடுத்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். இருபது பேர் பார்க்க, பிடிக்காத வாசனையோடு ஒரு கரண்டி வாய்க்கு வருகிறது. தொண்டை தானாக மூடிக்கொண்டு ஓங்கரிக்கும். அடம் இல்லை அது.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் இதற்கு ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்தார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோர் பாகம். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பாகம். உங்கள் மாமியார் “ஒரு வாய்” என்று கெஞ்சுவதும் உங்கள் அம்மா போனைக் காட்டி ஊட்டச் சொல்வதும் ஒன்றுதான், இரண்டு பாட்டிகளும் பேரனின் பாகத்தில் கை வைக்கிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், சந்தேகமே இல்லை. மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் முன்கூட்டியே போனில் சொல்வது நல்லது: “டாக்டர் இந்த வருடம் யாரும் அவன் தட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்கிறார்.” பழியை என் மேல் போடுங்கள். பாட்டிக்கு வேறு வேலை கொடுங்கள். முந்தைய நாள் மாட்சா உருண்டை பிடிக்கும்போது பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து மாவை உருட்டச் சொல்லட்டும். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடலாம். நான்கு வயதில் ஊட்டுவதை நிறுத்த வேண்டும், போனை முதலில் நிறுத்த வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டு விழுங்கும் குழந்தைக்கு எதைச் சாப்பிட்டோம் என்பதே தெரியாது. எதைச் சாப்பிட்டோம் என்று தெரியாத உணவு எப்படிப் பழகும்?

பட்டியலில் எனக்கு உண்மையில் உறுத்துவது பால்தான். முக்கால் லிட்டர் அதிகம், அரை லிட்டருக்குள் கொண்டு வாருங்கள். பசுவின் பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் அது தடுக்கும், வயிற்றையும் நிரப்பிவிடும். இறைச்சியும் கீரையும் அதிகம் சாப்பிடாத குழந்தைக்கு இரத்தசோகை வர இதுதான் முதல் வழி. உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஹீமோகுளோபினும், உடலில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் இரத்தசோகை. குறைவு இருந்தால் இரும்பு சிரப்பை அவர் சொன்ன அளவில் கொடுங்கள், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மலச்சிக்கலையும் மறக்க வேண்டாம். பாஸ்கா வாரத்தில் வயிறு உப்பிப்போய் வருகிற குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்சா, முட்டை, சீஸ், உருளைக்கிழங்கு என்றே எட்டு நாள் ஓடினால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? மலம் கட்டினால் இருக்கிற பசியும் போய்விடும். தண்ணீரை அடிக்கடி நீட்டுங்கள். பேரிக்காய், ஊறவைத்த உலர்ந்த ப்ளம் பழம், முடிந்தால் முழுக்கோதுமை மாட்சா. பெரியவர்கள் நான்கு கிண்ணம் ஒயின் குடிக்கும்போது குழந்தைகளுக்குத் திராட்சைச் சாறு ஊற்றுவார்கள். நான்கு முதல் ஆறு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமே 120 முதல் 180 மில்லி சாறு போதும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வரம்பு. சின்னக் கிண்ணமாக எடுத்து, தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த மேசையில் அவளும் இருப்பாள். ஆப்பிளும் வால்நட்டும் சேர்த்துச் செய்யும் ஹரோசெட் அவளுக்கு வேண்டாம். கொட்டைத் துண்டும் பச்சை ஆப்பிள் துண்டும் மூச்சுக் குழாயில் சிக்கலாம், சிலர் அதில் தேனும் சேர்ப்பார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, கேக்கில் வெந்த தேனும் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் சமையல் சூட்டிலும் தப்பிப் பிழைக்கும். இலையுதிர் காலத்தில் வரும் யூதப் புத்தாண்டில் ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தருவார்கள், அதற்குள் அவளுக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். திராட்சையை அண்ணனுக்கும் நீளவாக்கில் நாலாக நறுக்கியே கொடுங்கள்.

பாம்பாவைக் குறைத்து நினைக்க வேண்டாம். இஸ்ரேலியக் குழந்தைகள் தவழும் வயதிலிருந்தே அதைச் சப்பிக்கொண்டிருப்பார்கள். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளைவிட அவர்களுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே என்று 2008இல் தெரியவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குக்கூடச் சீக்கிரமே வேர்க்கடலை கொடுத்துப் பழக்கினால் அந்த ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று அது காட்டியது. பாஸ்கா முடிந்ததும் மகளுக்கும் பாம்பாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. மகன் வாயில் போகும் எல்லாவற்றையும், பிஸ்கட் வகைகள் உட்பட, ஒரு வாரம் எழுதி வையுங்கள். நீங்கள் எழுதிய எட்டைவிட நீளமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இருபதுக்குக் கீழே நின்றாலோ, முன்பு சாப்பிட்டவை ஒவ்வொன்றாகக் கழன்று திரும்பி வராமலே போனாலோ, மெல்ல வேண்டிய எதையும் தொடாவிட்டாலோ, சாப்பிடும்போது இருமல், புரையேறல் இருந்தாலோ, எடை நின்றுவிட்டாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ, பேச்சிலும் பழகுவதிலும் பின்தங்கினாலோ அது சாதாரண அடம் இல்லை. குழந்தைகளுக்கான உணவுப் பயிற்சியாளரிடம் அனுப்பும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் தாளையும் வளர்ச்சி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் பண்டிகை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே முடித்துவிடுங்கள்.