எட்டு கம்ப்யூட்டர், எட்டு நேரம்

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் எட்டு பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து லினக்ஸ் கிளஸ்டர் ஒன்று அமைத்திருக்கிறோம். ஒரு வாரத்திலேயே நேரம் ஒன்றுக்கொன்று பல நொடிகள் விலகிவிடுகிறது. புரோகிராமைத் தொகுக்கும் மேக் (make) கருவியை ஓட்டினால், ஃபைல் எதிர்காலத்தில் திருத்தப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் கிரானைத் தினமும் இரவு போட்டு நேரத்தைச் சரிசெய்தால் போதாதா?
– பொறியியல் மாணவி ஒருவர்

பதில்: போதாது, சில சமயம் அதுவே புது வம்பு. மதர்போர்டில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி போய்விடும், ஒரு கம்ப்யூட்டர் முந்தி இன்னொன்று பிந்தினால் அது இரட்டிப்பு, இதில் அறையின் சூடு மாறினால் பிசகும் அளவும் மாறும். நீங்கள் இரவில் நேரத்தைத் தடாலென்று பின்னால் தள்ளினால், அந்த நொடிகளை கம்ப்யூட்டர் இரண்டாவது தடவை வாழ்கிறது. நடப்பதைக் குறித்துவைக்கும் லாகில் பின்னால் நடந்தது முன்னால் பதிவாகும். கசாண்ட்ரா மாதிரி 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்று நேரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் டேட்டாபேஸ் இருந்தால் இன்னும் மோசம்: பிந்திய கடிகாரத்தின் நேரத்தோடு வந்த புதிய பதிவு, பழையது என்று கருதப்பட்டு சத்தமே இல்லாமல் தோற்றுப்போகும். ஒரு எரர்கூட வராது!

கிரானை எடுத்துவிட்டு எட்டிலும் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி (chrony) மென்பொருளைப் போடுங்கள். அது கடிகாரம் எந்த வேகத்தில் பிசகுகிறது என்று கற்றுக்கொண்டு, தாவ விடாமல், கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு வழிக்குக் கொண்டுவரும். பெரிய தாவலை கம்ப்யூட்டர் தொடங்கும்போது மட்டும் அனுமதியுங்கள். இரண்டு கம்ப்யூட்டர்கள் வெளியே நெட்டில் இருக்கும் நேர சர்வர்களிடமிருந்து நேரம் வாங்கட்டும், மற்றவை அவற்றிடம் வாங்கட்டும். வெளியே நான்கு சர்வராவது வையுங்கள், ஏனென்றால் இரண்டே இருந்து அவை முரண்பட்டால் எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நெட் போனாலும் உள்ளுக்குள் ஒத்துப்போகும்படி குரோனியின் லோக்கல் (local) அமைப்பையும் போட்டுவிடுங்கள். மேக்குக்கு உலக நேரம் தேவையில்லை, எட்டும் ஒரே மாதிரி பேசினால் சரி.

கேள்வி: எல்லாம் ஒரே அணுக் கடிகாரத்திடம் கேட்டால் வித்தியாசமே வராது அல்லவா?
– சென்னை வாசகர்

பதில்: வரும். பதில் வந்து சேர நேரமாகிறதே! 1985-இல் டேவிட் மில்ஸ் முறைப்படுத்திய என்டிபி (NTP), அதாவது நெட் வழியே நேரம் கேட்டு வாங்கும் முறை, போய்வந்த மொத்த நேரத்தை அளந்து, போகவும் வரவும் சரிபாதி என்று வைத்துக்கொள்கிறது. மலைப்பாதையில் ஏற ஒரு நேரம் இறங்க ஒரு நேரம் என்பது மாதிரி நெட்வொர்க்கிலும் நடக்கும், அந்த ஏற்றத்தாழ்வில் பாதி அப்படியே பிழையாகிவிடும். அதனால் 'சரியான நேரம்' என்று யாராவது சொன்னால், எத்தனை மில்லிநொடி முன்னே பின்னே என்று கேளுங்கள்.

கூகுளின் ஸ்பேனர் டேட்டாபேஸ் இதை வெளிப்படையாகவே ஒத்துக்கொள்கிறது. டேட்டா சென்டர்களில் ஜிபிஎஸ்ஸும் அணுக் கடிகாரமும் வைத்திருந்தும், 'நேரம் இதற்கும் அதற்கும் நடுவில் எங்கோ' என்று ஓர் இடைவெளியாகத்தான் சொல்லும். 2012-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் 1 முதல் 7 மில்லிநொடி வரை. ஒரு பரிவர்த்தனையை முடிக்கும்போது அந்தச் சந்தேகம் தீரும்வரை வேண்டுமென்றே காத்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. எது முன், எது பின் என்பது மட்டும் போதுமென்றால் கடிகாரமே வேண்டாம், செய்தியோடு ஓர் எண்ணை ஏற்றி ஏற்றி அனுப்பினால் போதும் என்று கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே காட்டிவிட்டார்.

கேள்வி: லீப் நொடிக்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்க உலக நேரத்தில் எப்போதாவது ஒரு நொடி சேர்ப்பார்கள், அதுதான் லீப் நொடி. 2012 ஜூன் 30-இல் சேர்த்த ஒரு நொடி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த பிழையைக் கிளப்பிவிட்டு ரெடிட் உட்படப் பல தளங்களைப் படுக்கவைத்தது. கடைசி லீப் நொடி 2016 டிசம்பரில். 2035-க்குள் இந்த வழக்கத்தை மாற்றுவதென்று 2022-இல் முடிவெடுத்துவிட்டார்கள். அதற்குள் ஒன்று வந்தாலும், அந்த நொடியை நாள் முழுக்கப் பரப்பிக் கரைக்கும் சர்வர்களையும் கரைக்காதவற்றையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.