கப்பலில் ‘ஸ்வீட்’ எடுத்தால் என்ன கிடைக்கும்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், உல்லாசக் கப்பல்களில் 9 வருஷம் அறைப் பணியாளனாக வேலை செய்தவன் நான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்குத்தான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குக் கப்பல் பயணம் எடுத்துக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது போல. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். வருகிற கோடையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வன்கூவரிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பலில் 7 இரவுக்கு ‘ஸ்வீட்’ எடுத்திருக்கிறானாம். அவன் போனில் சொன்னபோது இனிப்புப் பெட்டி என்று நினைத்து, “அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கெல்லோ” என்று சொல்லிவிட்டேன். அந்த அறையில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, கோண்டாவில்

அம்மா, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, இனிப்புக்குச் சொல்கிற sweet, பெரிய சொகுசு அறைக்குச் சொல்கிற suite, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். கப்பல் கம்பனிகளும் அந்தச் சொல்லை இனிப்பு மாதிரித்தான் அள்ளிக் கொடுக்கிறார்கள். ஹோட்டலில் ஸ்வீட் என்றால் படுக்கும் அறை வேறு, வந்தவர்களை இருத்திக் கதைக்கும் அறை வேறு. கப்பலில் பல இடங்களில் அது ஒரே அறைதான், நடுவில் ஒரு திரைச்சீலை, அந்தப் பக்கம் ஒரு சோபா. ‘மினி ஸ்வீட்’, ‘ஜூனியர் ஸ்வீட்’ என்று பெயர் வைத்தவை பெரும்பாலும் பல்கணி அறையைக் கொஞ்சம் நீட்டியதுதான்.

அளவு சொன்னால் விளங்கும். சாதாரண பல்கணி அறை, குளியலறையையும் சேர்த்து 170 முதல் 200 சதுர அடி வரும். எங்கள் வீட்டுப் பத்துக்குப் பன்னிரண்டு அறையே 120 சதுர அடி, அதோடு இன்னும் ஒரு பாதியைச் சேர்த்துப் பாருங்கள். நடுத்தர ஸ்வீட் 300, 400 சதுர அடி. அதற்கு மேலே போனால் கதை வேறு. றோயல் கரிபியன் கம்பனியின் ஒயேசிஸ் வகைக் கப்பல்களில் இரண்டு மாடியுள்ள ஸ்வீட் இருக்கிறது, ஏறக்குறைய 1,500 சதுர அடி, உள்ளே ஒரு பியானோவும் நிற்கும். மகன் அதை எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்! அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எத்தனை சதுர அடி, ஸ்வீட்காரருக்கு உரிய சலுகைகள் இந்த அறைக்கும் சேருமா.

ஏனென்றால் ஸ்வீட்டுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு, வரிசையில் நிற்காமல் இருப்பதற்குத்தான் போகிறது. கப்பல் ஏறும் நாளில் மற்றவர்கள் ஒன்றரை மணித்தியாலம் நிற்கும்போது உங்களுக்குத் தனி வழி. துறைமுகத்தில் கட்ட முடியாமல் கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்கு அனுப்பும் இடங்களிலும் உங்களுக்கு முன்னுரிமை. சில கப்பல்களில் தனிச் சாப்பாட்டு அறையும் உண்டு. அறைக்குள் இருப்பவை சில்லறைச் சாமான்தான்: குளித்துவிட்டுப் போட ஒரு தடித்த அங்கி, செருப்பு, கோப்பி மெசின், பெரிய அலுமாரி. கட்டிலை இரண்டாகப் பிரித்தும் போடலாம், முன்கூட்டியே சொன்னால் போதும்.

ஒன்றை மட்டும் வடிவாகக் கவனியுங்கள். ஸ்வீட் என்றால் அநேகமாகக் குளியல் தொட்டி இருக்கும், பல அறைகளில் ஷவரும் அந்தத் தொட்டிக்கு மேலேயே இருக்கும். முழங்கால் நோ உள்ளவர்கள் காலைத் தூக்கி உள்ளே வைக்கப் படும் பாட்டை நான் கண்டிருக்கிறேன், அதுவும் கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போது. மலிவான அறையில் நேரே நடந்து போய்க் குளிக்கும் ஷவர் இருக்க, கூடக் காசு கொடுத்தவர்களுக்குத்தான் இந்த வில்லங்கம். தொட்டி இல்லாத ஸ்வீட்டோ, சக்கர நாற்காலி போகக்கூடிய ஸ்வீட்டோ இருக்கிறதா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் விசா. கப்பல் கனடாவில் புறப்பட்டாலும் வழியில் நிற்கிற கெச்சிக்கன், ஜூனோ எல்லாம் அமெரிக்க மண். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் கனடா விசா மட்டும் போதாது, அமெரிக்க விசாவும் வேண்டும். அந்த நேர்முகத்துக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம் என்பதால் அறையை விட்டுவிட்டு முதலில் இதைப் பாருங்கள்.

கேள்வி: எனக்குக் கடல் ஒத்துவராது. குறிகட்டுவானில் குமுதினிப் படகு ஏறி நெடுந்தீவு போய்ச் சேர்வதற்குள் இரண்டு தரம் சத்தி எடுத்துவிடுவேன். ஸ்வீட் எடுத்தால் ஆட்டம் குறைவா?
– வாசகர், வல்வெட்டித்துறை

வல்வெட்டித்துறையிலிருந்து இப்படி ஒரு கேள்வியா! அங்கே கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன கப்பல் ஐயா.

பகிடியை விடுவோம். குமுதினியில் வருகிற ஆட்டம் பெரிய கப்பலில் வராது. பெரிய கப்பலின் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் செட்டை மாதிரி விரிகிற தகடுகள் உண்டு, அவை பக்கவாட்டு உருளலைப் பெருமளவு அடக்கிவிடும். ஆனால் முன்னும் பின்னும் தூக்கிப் போடுகிற ஆட்டத்தை அவை தடுக்காது. ஸ்வீட் எடுத்தால் ஆட்டம் குறைவா என்றால், பல நேரம் கூடத்தான். நல்ல காட்சி வேண்டும் என்று ஸ்வீட் அறைகளை மேல்தட்டுகளிலும், முன் மூலையிலும் பின் மூலையிலும் வைக்கிறார்கள். ஊஞ்சலில் நுனியில் இருப்பவனுக்குத்தானே வீச்சு அதிகம்? கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டுகளில் இருக்கிற சாதாரண அறைதான் உங்களுக்குச் சொர்க்கம். ஸ்வீட்தான் வேண்டும் என்றால் நடுப்பகுதியில் கேளுங்கள்.

தட்டின் வரைபடத்தையும் பார்த்துவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும். வேலையை விட்டபிறகு ஒருமுறை நானே பயணியாகப் போனேன், 9 வருஷம் கப்பலில் இருந்தவனுக்கு என்ன வரைபடம் என்ற திமிர். அறை நீச்சல் குளத்துக்கு நேரே கீழே. விடிய 5 மணிக்கு மேலே சாய்வுக் கதிரைகளை இழுத்து அடுக்கத் தொடங்குவார்கள், கிறீச்… கிறீச்… என்று ஒரு மணித்தியாலம். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தட்டில் எடுங்கள். பின்புற மூலையில் இயந்திர அதிர்வும் கொஞ்சம் வரும்.

தலைசுற்றுக்கான குளிசையை ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும், தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பிரயோசனமில்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை டொக்டரிடம் கேளுங்கள். பல்கணியில் நின்று தூரத்துத் தொடுவானத்தைப் பார்ப்பதும் உதவும், அந்த வகையில் ஸ்வீட்டுக்கு ஒரு புள்ளி.

கேள்வி: ஸ்வீட்டில் ‘பட்லர்’ ஒருவர் இருப்பாராம். அவரிடம் என்னென்ன கேட்கலாம்? எவ்வளவு கொடுக்க வேண்டும்? எனக்கு இன்னொருவரை வேலை வாங்கக் கூச்சமாக இருக்கும்.
– வாசகி, நல்லூர்

எல்லா ஸ்வீட்டிலும் இருக்க மாட்டார் அக்கா, பெரிய வகைகளில்தான். அறையைக் கூட்டித் துடைப்பவர் வேறு, இவர் வேறு. பெட்டியைத் திறந்து உடுப்புகளை அலுமாரியில் கொழுவித் தருவார், காலைச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவந்து வரிசையாகப் பரிமாறுவார், சப்பாத்து மினுக்குவார், ஒரு சேலையோ சேட்டோ கசங்கியிருந்தால் அயன் பண்ணக் கொண்டுபோவார், இரவுச் சாப்பாட்டுக்கு மேசை பிடித்துத் தருவார். தேநீர் கேட்டால் கொண்டுவருவார், ஆனால் எங்கள் ருசிக்கு வர இரண்டு நாள் எடுக்கும். முதல் நாளே சாயம் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள்.

காசு: பெரும்பாலான கம்பனிகள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 25 டொலர் வரை சேவைப் பணம் என்று கணக்கில் தாமே ஏற்றிவிடும், ஸ்வீட்டுக்குச் சாதாரண அறையைவிடச் சில டொலர் கூட. இரண்டு பேர், 7 நாள் என்று பெருக்கிப் பாருங்கள், சின்னத் தொகை இல்லை. சில கம்பனிகளில் பட்லருக்கும் அதிலேயே அடக்கம், சிலவற்றில் இல்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கடைசி நாள் உங்கள் மனம் போல் ஒரு உறையில் வைத்துக் கையில் கொடுக்கலாம்.

கூச்சம் என்றதும் ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். யாழ்ப்பாணத்து அம்மா, மகளோடு வந்தவர். நான் காலையில் கதவைத் தட்டிப் போனால் கட்டில் விரித்தாயிற்று, துவாய்கள் நாலாக மடித்து அடுக்கியாயிற்று, கழிவுப் பையும் முடிச்சுப் போட்டு வாசலில். எங்களுக்கு விரிப்பை மடிக்கிற கோணம் கூட அளவுக் கணக்கு, மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். அதனால் அவர் விரித்ததைக் குலைத்து நான் திரும்ப விரிப்பேன். மூன்றாம் நாள் அவர் கேட்டார், “ஏன் தம்பி, நான் விரிச்சது வடிவில்லையோ?” அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்துத்தான் நான் குலைத்தேன். நீங்களும் விரியுங்கள் அக்கா, ஒன்றும் குறையாது, ஆனால் அந்தப் பெடியனுக்கு இரட்டை வேலை.

கேள்வி: நாங்கள் வெள்ளிக்கிழமை சைவம், காலையில் விளக்கேற்றாமல் தேத்தண்ணி கூடக் குடிப்பதில்லை. அறையில் விளக்கு வைக்கலாமா? சின்ன கேத்தில், பருத்தித்துறை வடை, இடியப்பத்துக்கு மா எல்லாம் கொண்டுபோகலாமா?
– வாசகி, சுன்னாகம்

விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுதிரி எதுவும் முடியாது. ஸ்வீட் என்றாலும் முடியாது. கப்பலில் தண்ணீரைவிட நெருப்புக்குத்தான் பயம். 2006இல் ஸ்டார் பிரின்செஸ் என்ற கப்பலில் ஒரு பல்கணியில் பிடித்த தீ, வரிசையாக எத்தனையோ அறைகளுக்குப் பரவியது, அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்று விசாரணையில் வந்தது. பற்றரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றைக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வையுங்கள். கேத்தில், அயன் பெட்டி, சோறு சமைக்கும் குக்கர் எல்லாவற்றையும் ஏறும்போதே பெட்டியை ஸ்கான் பண்ணி எடுத்து வைத்துவிட்டு, இறங்கும்போதுதான் தருவார்கள்.

வீட்டில் சமைத்த சாப்பாடு அநேகமாக விடமாட்டார்கள். கடையில் ஒட்டிய பைக்கற்றில் இருக்கிற வடை, மிக்ஸர் பரவாயில்லை, ஆனால் திறந்த பைக்கற்றையோ பழத்தையோ கரையில் இறக்காதீர்கள். சைவச் சாப்பாட்டுக்கு முகவரிடம் சில வாரம் முன்பே எழுதிவிடுங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் பாஸ்டாவும் சாலட்டும்தான் வரும், ‘இந்திய சைவம்’ என்று சேர்த்து எழுதுங்கள். கப்பல் சமையலறைகளில் இந்தியப் பெடியன்கள் நிறையப் பேர், முதல் நாளிரவே சாப்பாட்டறை மேற்பார்வையாளரைக் கண்டு கதைத்தால் அடுத்த நாள் பருப்பும் சோறும் வரும். இடியப்பம் மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று, ஈர உடுப்பைப் பல்கணியில் காயப்போடக் கூடாது. நான் பார்த்த ஒரு ஐயாவின் வேட்டி, கப்பல் திரும்பிய காற்றில் கிளம்பி, இரண்டு தட்டுக் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரியின் தலையில் போய் விழுந்தது.

கேள்வி: நாங்கள் நாலு பேர், சிங்கப்பூரிலிருந்து 3 இரவு போக யோசிக்கிறோம். ஒரு ஸ்வீட்டா, இரண்டு பல்கணி அறையா?
– வாசகர், உடுவில்

இரண்டு அறை, தம்பி, யோசிக்காமல் எடுங்கள். விளம்பரத்தில் வருகிற விலை, ஒரு அறையில் இருவர் என்ற கணக்கில் ஒரு ஆளுக்கு உரியது. மூன்றாம், நாலாம் ஆளுக்குக் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அவர்கள் படுப்பது சோபாவை விரித்த கட்டிலில். ஸ்வீட் விலை பல்கணி அறையின் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வரும்போது, பக்கத்துப் பக்கத்து அறை இரண்டு எடுத்தால் குளியலறையும் இரண்டு. காலையில் நாலு பேரும் ஒரே கதவைத் தட்டும் கொடுமை எங்கள் வீடுகளில் தெரியாததா?

3 இரவில் ஸ்வீட்டின் சுகத்தை அனுபவிக்க நேரமும் காணாது. எம்.எஸ்.சி.யின் ‘யொட் கிளப்’, நோர்வீஜியனின் ‘ஹேவன்’ மாதிரிக் கப்பலுக்குள் கப்பலாகத் தனிக் குளம், தனிச் சாப்பாட்டறை என்று பிரித்து வைத்திருக்கிற இடம் என்றால், அதுவும் 7 இரவுக்கு மேல் என்றால், காசு இருப்பவர் யோசிக்கலாம். ஏலம் மாதிரி அறையை உயர்த்திக் கேட்கும் வசதியும் சில கம்பனிகளில் உண்டு, ஆனால் அங்கே நீங்கள் எழுதும் தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு உரியது. அது தெரியாமல் 200 டொலர் என்று போட்டு 400 கட்டியவர்கள் இருக்கிறார்கள். போனை ஏறியதும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், கடலில் கப்பலின் செல்போன் வலையமைப்புப் பிடித்தால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். அதற்கு ஸ்வீட்டில் கழிவு கிடையாது.

கேள்வி: காங்கேசன்துறைக்கே உல்லாசக் கப்பல் வந்ததே, நாங்கள் அங்கிருந்து ஏற முடியாதா?
– வாசகர், தெல்லிப்பழை

2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த எம்பிரஸைச் சொல்கிறீர்கள். 1990இல் கட்டிய கப்பல் அது, அங்கே ஏறியவர்கள் சுற்றிப் பார்க்க இங்கே இறங்கிப் போனார்கள். அதே வருஷம் ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம் படகில் இருக்கை மட்டும்தான். ஸ்வீட் ஆசைக்கு இப்போதைக்குச் சிங்கப்பூரோ சென்னையோதான்.

கேள்வி: கடைசி இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்களாம். களவு போகாதா?
– வாசகர், பருத்தித்துறை

போகாது. பட்டி கட்டி எண் போட்டிருப்பார்கள், காலையில் துறைமுக மண்டபத்தில் வரிசையாக நிற்கும். ஸ்வீட்காரருக்குச் சில கப்பல்களில் காலையில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு வரும் வசதியும் உண்டு. ஆனால் வெளியே வைக்குமுன் மருந்து, கடவுச்சீட்டு, அடுத்த நாள் போடும் உடுப்பு மூன்றையும் கைப்பையில் எடுத்து வையுங்கள். ஒருவர் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிப் பூட்டி வெளியே வைத்துவிட்டு, சாரத்தோடு படுத்தார். காலை 6 மணிக்கு என்னைக் கூப்பிட்டுக் கதவை நாலு விரல் அகலம் திறந்து, “தம்பி, உம்மட சைஸ் என்ன?” என்று கேட்டார். என்னுடைய கறுப்புக் காற்சட்டை ஒன்றில்தான் அவர் கரை இறங்கினார்.