நகை பீரோவிலேயே இருக்கட்டும், அவள் அரசியல் படிக்கட்டும்

மேல்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு, தண்டையார்பேட்டையிலிருந்து என்னிடம் ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா மணலிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் தையல். கூடவே அம்மாவின் தம்பி, ஐ.டி. கம்பெனியில் வேலை. பெண் பிளஸ் டூவில் சுமாரான கட்‌ஆஃப். கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைக்காது என்று தெரிந்ததும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள். மீதிக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கப் போகிறார்களாம். "பொண்ணு ஒத்துக்க மாட்டேங்குது, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார் மாமா. அவள் பொலிட்டிகல் சயின்ஸ் கேட்கிறாள். வெளிநாடுகளுக்கிடையே நடக்கும் விவகாரங்களில்தான் அவளுக்கு ஆர்வம்.

எடுத்துச் சொல்ல வேண்டியது அவளுக்கு இல்லை, வீட்டுப் பெரியவர்களான உங்களுக்குத்தான். அவள் பையில் ஒரு நோட்டு இருந்தது. இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்த செய்திகளைத் தேதிவாரியாக ஒட்டி, எத்தனை பேர், எந்த ஜெயில், எப்போது விடுதலை என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லாமல் இதைச் செய்கிற பிள்ளையை நாலு வருஷம் கோடிங் லேபில் உட்காரவைக்க நகையையும் அடகு வைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஐ.டி. வேலை மாமாவுக்குச் சோறு போட்டது, சரி. அவர் சேர்ந்த காலம் வேறு. பிடிக்காத படிப்பில் அரியர் வைத்துவிட்டு வட்டியும் கட்டுகிற குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன.

"அரசியல் படிச்சா யார் வேலை கொடுப்பாங்க?" என்று அப்பா கேட்டார். அவருக்கு எஸ். ராஜரத்தினத்தைப் பற்றிச் சொன்னேன். 1915-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். மலாயாவில் ரப்பர் தோட்ட மேற்பார்வையாளரின் மகனாக வளர்ந்தவர். சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். நடுவில் உலகப் போர் வந்தது, வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது, பட்டம் முடியவில்லை. எழுதிப் பிழைத்தார், பத்திரிகைக்காரராகத் திரும்பினார். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானபோது அதன் முதல் வெளியுறவு அமைச்சர் அவர்தான். 1980 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அதே 1965 மார்ச்சில் இந்தோனேசியப் படையினர் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கட்டடத்தில் குண்டு வைத்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டே வருஷத்தில், 1967 ஆகஸ்டில், அந்த இந்தோனேசியாவின் அமைச்சர் ஆடம் மாலிக்கோடு ராஜரத்தினம் ஒரே மேஜையில் உட்கார்ந்தார். தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ் அமைச்சர்களும் கூட. தாய்லாந்தில் பாங் சேன் என்ற கடற்கரை ஊரில் நாலு நாள், கோட்டு சூட்டு இல்லாமல் பேசினார்கள். ஆகஸ்ட் 8-ஆம் தேதி பாங்காக்கில் கையெழுத்தானதுதான் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு. சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் இன்றும் சொல்கிற தேசிய உறுதிமொழியை எழுதியவரும் இவர்தான். இதைச் சொன்னதற்காகப் பட்டம் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் பட்டம் வாங்கியே ஆக வேண்டும். எந்தப் பட்டம் என்பதில்தான் பேச்சு.

யு.பி.எஸ்.சி. பற்றி ஊருக்கே தெரியும், அதை விடுகிறேன். நம் பக்கத்தில் பலர் கண்ணில் படாத வழி ஒன்று உண்டு. மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் சி.ஜி.எல்., அதாவது பட்டதாரிகளுக்கான தேர்வு. அதில் வெளியுறவு அமைச்சகத்தின் அசிஸ்டென்ட் செக்‌ஷன் ஆபீசர் பதவியும் இருக்கிறது. எந்தப் பட்டமும் போதும். வயது 20 முதல் 30, ஓ.பி.சி.க்கு மூன்று, எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருஷத் தளர்வு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை. அடிப்படைச் சம்பளம் 44,900-இல் தொடங்குகிறது. முதல் கட்டத் தேர்வு ஒரு மணி நேரம், நூறு கேள்வி: கணக்கு, ரீசனிங், ஆங்கிலம், பொது அறிவு. தவறான விடைக்கு அரை மார்க் போகும். இதைத் தாண்டினால் போதும், ரேங்க் வருவது இரண்டாம் கட்டத்தில். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் அவள் ஆங்கிலத்தை இப்போதே கெட்டியாக்க வேண்டும். கணக்கு பெரும்பாலும் பத்தாம் வகுப்பு அளவுதான், ஆனால் வேகம் வேண்டும்.

தேர்வானால் முதலில் டெல்லி, அப்புறம் ஏதாவது ஒரு நாட்டுத் தூதரகம். ஓரிடத்தில் சுமார் மூன்று வருஷம். வெளிநாட்டில் இருக்கும்போது தனிப் படியும் வீடும் உண்டு. விசா, கணக்கு, நிர்வாகம், அங்கே மாட்டிக்கொண்ட நம் ஆட்களின் விவகாரம், இவைதான் வேலை. யாழ்ப்பாணத்தில் 2010 முதல் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. பிடிபட்ட மீனவரை ஜெயிலில் போய்ப் பார்ப்பது, பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் எழுதுவது எல்லாம் இப்படிப்பட்ட அலுவலகங்களில் நடப்பவை. உங்கள் மகளின் நோட்டில் இருப்பதும் இதே விஷயம்தான். மேலே போகப் போக செக்‌ஷன் ஆபீசர், அண்டர் செக்ரட்டரி என்று பதவி உயர்வு உண்டு. சிலர் ஐ.எஃப்.எஸ். என்ற இந்திய வெளியுறவுப் பணிக்குள்ளேயே எடுக்கப்படுகிறார்கள்.

கிடைப்பது சுலபமில்லை. இந்தப் பதவிக்கு நல்ல ரேங்க் வேண்டும், விருப்பப் பட்டியலில் மேலே போடவும் வேண்டும். ஆனால் அதே தேர்வில்தான் கஸ்டம்ஸ், வருமான வரி வேலைகளும் இருக்கின்றன. அப்பா லாரியோடு தாண்டிப் போகிற ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸிலும் இந்தத் தேர்வு எழுதி வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செலவு விஷயத்தில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். பொலிட்டிகல் சயின்ஸுக்கு மாநிலக் கல்லூரி இருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் எட்டும் தூரம். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு யாரும் நகையைத் தொட வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். எஸ்.எஸ்.சி. பயிற்சிக்கு மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது, காசு கொடுத்து கோச்சிங் சென்டரில் சேர்க்காதீர்கள். வீட்டில் இடம் இல்லை, சத்தம் என்றால் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற பொதுப் படிப்பகத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

"பொம்பளப் பிள்ளைய வெளிநாட்டுக்குத் தனியா எப்படி?" என்று அம்மா கேட்டார். அம்மா, அரசாங்க வேலையில், அரசாங்க வீட்டில் இருக்கப் போகிறாள். உங்கள் தம்பி சொல்கிற வேலையில் சேர்ந்தாலும் பெங்களூருக்கோ புனேவுக்கோ தனியாகத்தான் போவாள்.

கொடுத்த அட்வான்ஸை இந்த வாரமே போய்த் திரும்பக் கேளுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) விதி. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைக்கவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. வாயால் கேட்காதீர்கள், கடிதமாக எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.