எனக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரி தேவை என்கிறது ஒரு செயலி, இன்னொன்று 1,950 என்கிறது. எதை நம்புவது?

நீங்கள் தந்த விவரம்: பெண், வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 64 கிலோ, அலுவலக வேலை, மாலையில் அரை மணி நேர நடை.

இரண்டு செயலிகளும் ஒரே சூத்திரத்தைத்தான் பயன்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். 1990இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் அது. எடையை 10ஆலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் மேலும் 161 கழிக்க வேண்டும். ஆண்கள் 5 கூட்ட வேண்டும். உங்களுக்கு ஏறக்குறைய 1,257 வருகிறது. நாள் முழுவதும் படுத்தே இருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் இயங்க உடலுக்குத் தேவைப்படும் கலோரி இது. 1919இல் வெளியான ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரத்தில் போட்டால் 1,363. நூறு சொச்சம்தான் வித்தியாசம்.

குளறுபடி அடுத்த படியில், அந்த எண்ணை உங்கள் உடலுழைப்புக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கும்போது நடக்கிறது. 1,257ஐ 1.2ஆல் பெருக்கினால் 1,508. 1.55ஆல் பெருக்கினால் 1,948. ஒன்றில் 'உட்கார்ந்த வேலை' என்றும் மற்றதில் 'மிதமான உழைப்பு' என்றும் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நடுவில் உள்ள 440 கலோரி, ஐந்தாறு இட்லி!

1.55 என்பது வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்பவர்களுக்கு உரியது. உங்கள் அரை மணி நடைக்குக் கூடுதலாகச் செலவாவது 75 முதல் 100 கலோரி. (நடை டீக்கடையில் வடையோடு முடிந்தால் அதுவும் கிடையாது.) எனவே 1,600இல் தொடங்குங்கள். உட்கார்ந்த வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் பரிந்துரைத்தது 1,660. தவிர, மேலை நாட்டவரை அளந்து உருவாக்கிய சூத்திரங்கள் இந்தியர்களுக்குச் சற்று கூடுதலாகவே காட்டுகின்றன.

பிறகு மூன்று வாரம் சாப்பிடுவதை எழுதி வையுங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தாளிக்கும் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். என் வீட்டில் கணக்கைக் கெடுப்பது அதுதான். ஒரு மேசைக்கரண்டியிலேயே 120 கலோரி இருக்கிறது. எடை அசையாவிட்டால் 1,600தான் உங்கள் தேவை. அரை கிலோ குறைந்தால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில், நாளுக்கு 180 குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள்; உங்கள் தேவை 1,780 பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியும் எடை ஏறிக்கொண்டே போனால், செயலியை மாற்றாமல் மருத்துவரிடம் சொல்லித் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.